2000 பார் தாங்குகிற ஸ்டீலை அடிப்பது

எங்கள் பிளான்ட்டில் காமன் ரெயில், அதாவது டீசல் என்ஜினில் இன்ஜெக்டர்களுக்கு எரிபொருள் கொடுக்கிற பொதுக் குழாய், அடிக்கத் தொடங்கிய பிறகுதான் பிரஷர் என்றால் என்ன என்று எனக்கு உறைத்தது. அதற்கு முன்னால் கனெக்டிங் ராடு, கியர் பிளாங்க் என்று ஓடிக்கொண்டிருந்த லைன் அது. அவற்றிலும் பொறுப்பு உண்டுதான். ஆனால் ரெயில் வேறு ரகம். லாரி டயரில் பிடிக்கிற காற்று சுமார் 8 பார். ரெயிலுக்குள் டீசல் 2000 பாரில் அடைபட்டு நிற்கிறது. ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தில் இரண்டு டன் ஏறி உட்கார்ந்திருக்கிற கணக்கு. அதுவும் ஒரே சீராக உட்கார்ந்திருப்பதில்லை. பம்ப் தள்ளும்போது ஏறுகிறது, இன்ஜெக்டர் திறக்கும்போது இறங்குகிறது. நாலு சிலிண்டர் என்ஜின் 2000 ஆர்பிஎம்மில் ஓடினால் நிமிடத்துக்கு 4000 முறை எரிபொருள் பீய்ச்சப்படுகிறது. முன்னால் கொஞ்சம், நடுவில் பெரிது, பின்னால் கொஞ்சம் என்று பிரித்துப் பீய்ச்சுகிற என்ஜினில் இன்னும் அதிகம். இத்தனை தட்டையும் அந்த இரும்பு தாங்க வேண்டும், வண்டியின் ஆயுள் முழுக்க.

ஓசூரில் ஒரு ஃபோர்ஜிங் கம்பெனியில் மெட்டலர்ஜி பக்கம் எனக்கு வேலை. கோவையில் இதையே படித்துவிட்டு நேராக இங்கே வந்தவள். எங்கள் தொழிலைப் பற்றி வெளியில் இருக்கிற எண்ணம் ஒன்றை நான் ஒத்துக்கொள்வதே இல்லை. ஃபோர்ஜிங் என்றால் முரட்டு வேலை, காய்ச்சி அடித்து ஒரு உருவம் கொடுத்தால் போதும், துல்லியமெல்லாம் மெஷின் ஷாப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். எங்கள் துறைக்குள்ளேயே நினைக்கிறார்கள். மைக்ரான் கணக்கு அங்கேதான் வருகிறது, உண்மை. ஆனால் மெஷின் ஷாப்பில் எதையும் சேர்க்க முடியாது, எடுக்கத்தான் முடியும். ஃபோர்ஜிங்கில் உள்ளே போன குறை உள்ளேயே இருக்கும். எவ்வளவு பளபளப்பாகத் துளை போட்டாலும் அது போகாது.

இன்ஜெக்ஷனின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டீசல் பம்ப்பைத் தொடர் உற்பத்தியில் செய்து விற்க பாஷ் கம்பெனி தொடங்கியது 1927ல். நம் பக்கத்தில் 1951ல் பெங்களூருவில் மைகோ வந்தது. லாரி, டிராக்டர் மெக்கானிக்குகள் இன்றைக்கும் பம்ப்பை ‘மைகோ பம்ப்’ என்றுதான் சொல்வார்கள். அந்தக் காலத்து பம்ப்பில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு பிளஞ்சர், அதிலிருந்து ஒரு பைப். என்ஜின் வேகம் குறைந்தால் பிரஷரும் குறையும். காமன் ரெயில் அந்த முடிச்சை அவிழ்த்தது. பம்ப் ஒரு பொதுக் குழாயை நிரப்பி வைத்துவிடும்; எப்போது, எவ்வளவு என்பதை இன்ஜெக்டரும் கம்ப்யூட்டரும் தீர்மானிக்கும். 1997ல் ஆல்ஃபா ரோமியோ 156 காரில் வந்தபோது 1350 பார். பிறகு 1600, 1800, 2000 என்று ஏறி, இப்போது 2500 பாரும் உண்டு. 2020 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் பிஎஸ்-6 மாசு விதி வந்த பிறகு இந்த ஏற்றத்திலிருந்து யாரும் தப்ப முடியவில்லை. இன்ஜெக்டர் நுனித் துளை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவு. அந்தத் துளை வழியே டீசலை நுண்ணிய துளிகளாக உடைக்க பிரஷர் வேண்டும். துளி சிறிதாக இருந்தால் எரிவது சுத்தமாக இருக்கும், புகை குறையும்.

அந்த பிரஷரைச் சுமக்கிற பாத்திரத்தைத்தான் நாங்கள் அடிக்கிறோம்.

நாங்கள் அடிக்கிற ரெயில் சுமார் 300 மி.மீ. நீளம், இரண்டு கிலோ எடை. நடுவே நீளத்துக்கும் ஒரு துளை வரும். பக்கவாட்டில் வரிசையாகப் புடைப்புகள். ஒவ்வொன்றிலும் குறுக்கே ஒரு சிறிய துளை போட்டு இன்ஜெக்டருக்குப் பைப் எடுப்பார்கள். துளைகளெல்லாம் மெஷின் ஷாப் வேலை. ஆனால் குறுக்குத் துளை நடுத் துளையைச் சந்திக்கிற அந்த விளிம்பு இருக்கிறதே, ரெயிலின் உயிர்நிலை அதுதான். மற்ற இடத்தைப் போல இரண்டு, மூன்று மடங்கு இழுவிசை அங்கே குவியும். ஸ்டீலுக்குள் ஒரு அழுக்கோ, ஒரு மடிப்போ அந்த விளிம்புக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். அதனால் டை, அதாவது ஸ்டீலை உருவாக்குகிற அச்சு, டிசைன் செய்யும்போதே எங்கள் கண் அந்த இடத்தில் இருக்கும். அங்கே பொருள் எப்படி ஓடி வந்து சேர்கிறது, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, எப்போது நிரம்புகிறது என்றுதான் முதலில் பார்ப்போம்.

ஏன் அடிக்க வேண்டும், கம்பியிலிருந்தே நேராகக் கடைந்து எடுக்கக் கூடாதா என்று புதிதாக வருகிற டிரெய்னிகள் கேட்பார்கள். நல்ல கேள்வி. ஸ்டீல் கம்பியை உருட்டும்போதே அதற்குள் நீளவாக்கில் ஒரு நார் ஓட்டம் வந்துவிடுகிறது. விறகு பிளக்கிறவர் நார் போகிற திசை பார்த்துத்தான் கோடாரியை இறக்குவார். அந்தத் திசையில் பிளப்பது சுலபம், குறுக்கே வெட்டுவது கஷ்டம். கம்பியைக் கடைந்து புடைப்பு எடுத்தால் அந்த நார் அறுந்து முகத்தில் வந்து முடிந்துவிடும். அடித்தால் நார் அறுபடாமல் புடைப்புக்குள் வளைந்து ஏறி மறுபடி கீழே இறங்கும். ஒரு பீஸை நீளவாக்கில் அறுத்து, சூடான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்தால் இந்த ஓட்டம் கண்ணுக்கே தெரியும். ஒவ்வொரு புது டைக்கும் இதைச் செய்யாமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

சரி, அடிப்பதில் துல்லியம் எங்கே வருகிறது? முதலில் எடையில்.

40 மி.மீ. கம்பி வருகிறது என்று வையுங்கள். சேலம் பக்கம் மேச்சேரி அருகே ஜேஎஸ்டபிள்யூ ஆலையில் உருட்டுகிற மாதிரியான ஆட்டோ ரகக் கம்பி. எந்த உருக்கில் வந்தது என்று சொல்கிற ஹீட் நம்பர், கெமிஸ்ட்ரி, அல்ட்ராசோனிக் ரிப்போர்ட் எல்லாம் கூடவே வரும். விட்டத்தில் அரை மில்லிமீட்டர் கூடினால் பெரிய விஷயமாகத் தெரியாது. ஆனால் பரப்பில் அது இரண்டரை சதவீதம். இரண்டு கிலோ பில்லெட்டில், அதாவது அடிப்பதற்காக வெட்டிய கம்பித் துண்டில், 50 கிராம். அந்த 50 கிராம் டைக்குள் போனால் இடம் கிடைக்காமல் பிரஸ்ஸை முழுக்க மூடவிடாது. பீஸ் தடிப்பாக வரும், டையின் மூலையில் விரிசல் விழும். 50 கிராம் குறைந்தால் புடைப்பின் விளிம்பு நிரம்பாது. அதனால் கம்பி மாறும்போதெல்லாம் நீளத்தைச் சரிசெய்து, எடை போட்டுப் பார்த்துத்தான் வெட்டவேண்டும். இந்தக் கணக்கில் நீளம் 5 மி.மீ. குறைய வேண்டும். கட்டிங் பக்கத்தில் தராசு வைத்துக்கொண்டு நிற்கிறவரை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. என் கணக்கில் ரெயிலின் முதல் டூல் ரூம் ஆள் அவர்தான்.

அப்புறம் சூடு. இன்டக்ஷன் ஹீட்டரிலிருந்து பில்லெட் 1200 டிகிரியைத் தாண்டி வெளியே வரும். வாசலில் சூட்டை அளக்கிற பைரோமீட்டர் பார்த்துக்கொண்டிருக்கும். குறைந்தாலும் கூடினாலும் அந்த பில்லெட் வேறு தொட்டியில் விழுந்துவிடும். அதிகம் காய்ந்தால் உள்ளே கிரெயின் பெருக்கும், மேலே கார்பன் எரிந்துபோகும். ஆறிப்போனால் ஓடாது. இதெல்லாம் புத்தகத்திலேயே இருக்கிறது. அளவுக்கும் சூட்டுக்கும் உள்ள உறவுதான் லைனில் நின்றால் புரிகிற விஷயம். சூட்டில் ஸ்டீல் விரிந்திருக்கும்; ஆறினால் நூற்றுக்கு ஒன்றரை சுருங்கும். அதற்காக 300 மி.மீ. ரெயிலுக்கு டையை 304.5 என்று வெட்டி வைத்திருப்போம். கடைசி அடி வாங்கும்போது பீஸ் வழக்கத்தைவிட 100 டிகிரி ஆறியிருந்தால் ஆறிய பிறகு நீளம் அரை மில்லிமீட்டருக்குக் கிட்டே மாறிவிடும். முதல் புடைப்புக்கும் கடைசிப் புடைப்புக்கும் உள்ள தூரம் மாறும். மெஷின் ஷாப்பில் துளை டிராயிங் சொன்ன இடத்தில்தான் விழும், புடைப்புதான் நகர்ந்திருக்கும். ஒரு பக்கச் சுவர் மெலிந்துவிடும். ரோபோ கை ஒரு நொடி தயங்கி நின்றாலும், டையில் கிராஃபைட் ஸ்ப்ரே கூடுதலாக விழுந்தாலும் அந்த மெலிவில் அது தெரியும்.

ஒரு சமயம், காந்தம் வைத்து மேல்தோல் குறைகளைத் தேடுகிற மேக்னட்டிக் பார்ட்டிகிள் பூத்திலிருந்து பீஸ்கள் தொடர்ந்து திரும்பி வந்தன. எல்லாவற்றிலும் ஒரே இடம்: மூன்றாவது புடைப்பின் அடிவாரத்தில் ஒரு மெல்லிய பச்சைக் கோடு, ஏழெட்டு மில்லிமீட்டர் நீளம். வெளிச்சத்தில் பார்த்தால் ஒன்றுமே இல்லை. புரொடக்ஷன் பக்கம் அது விரிசல் என்றார்கள், கம்பியிலேயே வந்தது என்றார்கள். கம்பி மேல் பழி போடுவது எங்கள் தொழிலில் பழைய வழக்கம்.

ஒரு பீஸை அந்தக் கோட்டுக்குக் குறுக்கே அறுத்து, தேய்த்து, நைட்டால் என்கிற அமிலக் கரைசலைத் தடவி மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். கோடு நேராக உள்ளே போகவில்லை, சாய்ந்து ஒரு கொக்கி மாதிரி வளைந்து போனது. அதன் உள்ளே சாம்பல் நிறத்தில் ஆக்சைடு. கோட்டின் இரண்டு பக்கமும் வெளுத்த பட்டை, அதாவது கார்பன் எரிந்துபோன ஸ்டீல். இந்த மூன்றும் சேர்ந்தால் சந்தேகமே வேண்டாம். ஆறிய பிறகு விழுந்த விரிசலில் இப்படி வெளுப்பு இருக்காது. கம்பியில் வந்த கோடாக இருந்தால் நீளவாக்கில் போயிருக்கும், ஒரே புடைப்பில் மட்டும் ஒட்டிக்கொள்ளாது. இது லேப். சூடாக இருக்கும்போதே மேல்தோல் மடிந்து, மடிப்புக்குள் ஸ்கேல் என்கிற ஆக்சைடு செதில் மாட்டி, அதன் மேல் அடி விழுந்து மூடிக்கொண்டது. மூடிக்கொண்டதே தவிர ஒட்டவில்லை. 2000 பார் வேலை செய்ய அப்படி ஒரு மடிப்பு போதும்.

ஏன் மடிந்தது என்பதைக் கண்டுபிடித்தது டை செட்டர் அண்ணன். நான் ரிப்போர்ட்டோடு போனபோது அவர் பிரஸ் பக்கம் நின்று காது கொடுத்துக்கொண்டிருந்தார். “மேடம், முதல் அடியில சத்தம் ரெண்டாப் பிரியுது. பீஸ் சரியா உக்காரல” என்றார். பிரஸ்ஸை நிறுத்தி டையைத் திறந்து பார்த்தோம். உருட்டிக் கொண்டுவந்த பில்லெட்டை இடம் பார்த்து உட்கார வைக்கிற லொக்கேட்டர் பின் ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. பீஸ் இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்து உட்கார்ந்திருக்கிறது. ஒரு பக்கம் பொருள் அதிகம், அது புடைப்பை முதலில் நிரப்பிவிட்டு எதிர்ப்பக்கம் வழிந்து திரும்பி விழுந்திருக்கிறது. பின்னை மாற்றியதும் பச்சைக் கோடு நின்றுபோனது. அதுவரை அடித்த லாட் முழுவதையும் நிறுத்திவைத்து ஒவ்வொரு பீஸாக மறுபடி பார்த்தோம். கோடு இருந்ததெல்லாம் அறுத்து ஸ்கிராப்புக்குப் போனது. பணம் போனதுதான். அப்புறம் அந்தப் பின்னுக்கு ஆயுள் நிர்ணயித்து, டை மாற்றும்போதெல்லாம் அளந்து எழுத வேண்டும் என்று பிளானில் ஏற்றினோம்.

பூத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பீஸைக் காந்தமாக்கி, ஒளிரும் துகள் கலந்த திரவத்தை ஊற்றி, இருட்டில் புற ஊதா விளக்கின் கீழ் திருப்பித் திருப்பிப் பார்க்கிற வேலை. எங்கள் பிளான்ட்டில் பெரும்பாலும் கிருஷ்ணகிரி, தர்மபுரி கிராமங்களிலிருந்து வருகிற பெண்கள் செய்கிறார்கள். உள்ளே போனதும் கண் இருட்டுக்குப் பழகக் கொஞ்ச நேரம் வேண்டும். தொடர்ந்து பார்த்தால் கண் சோர்ந்துவிடும், கோடு இருந்தும் தெரியாது. இந்த வேலைக்கு மணிக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட் வைப்பது தவறு என்று நான் மீட்டிங்கில் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறேன். அவர்கள் கண்ணுக்கு ஓய்வு கொடுப்பது சலுகை இல்லை, அதுவும் பிராசஸில் ஒரு படிதான். பச்சைக் கோட்டை முதலில் பார்த்தவர் அங்கே வேலை செய்கிற ஒரு பெண். அவர் ஒன்றை விட்டிருந்தால் மைக்ரோஸ்கோப்புக்கு வேலையே இருந்திருக்காது.

அடித்து டிரிம் செய்த பீஸ் சிவப்பாகவே கன்வேயரில் ஏறுகிறது. பழைய முறையில் மறுபடி காய்ச்சி எண்ணெயில் அமிழ்த்தி டெம்பர் செய்ய வேண்டியிருக்கும். இப்போது வனேடியம் கொஞ்சம் சேர்த்த மைக்ரோ அலாய் ஸ்டீலில் அது தேவையில்லை. சரியான வேகத்தில் ஆறவிட்டால் அந்த வனேடியம் மிக நுண்ணிய துகள்களாகப் பிரிந்து ஸ்டீலுக்குத் தானே பலம் கொடுக்கும். ஒரு ஃபர்னஸும் அதன் கரண்ட் செலவும் மிச்சம். ஆனால் ‘சரியான வேகம்’ என்பதைப் பிடித்துவைப்பது சாதாரண விஷயம் இல்லை. பீஸ்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கிடந்தால் மெதுவாக ஆறி மெத்தென்று ஆகிவிடும். ஃபேன் நேராக ஒரு பக்கம் அடித்தால் அங்கே மட்டும் கடினமாகி, துளை போடுகிறவரின் டிரில் முறியும். ஓசூர் குளிர் தெரிந்தவர்களுக்குப் புரியும்: மார்கழி ராத்திரி ஷிஃப்ட்டுக்கும் சித்திரை மதியத்துக்கும் ஷெட்டுக்குள் ஒரே காற்று இல்லை. அதனால் கன்வேயர் வேகமும் ஃபேன் எண்ணிக்கையும் எங்களிடம் பருவத்துக்கு ஒரு செட்டிங். ஒரு ஷிஃப்ட்டில் முதல் பீஸ், நடு பீஸ், கடைசி பீஸ் எடுத்து பிரினெல் கடினத்தன்மை பார்ப்பது இதற்காகத்தான்.

இதற்குப் பிறகு ரெயில் எங்கள் கையை விட்டுப் போய்விடும். நீளத் துளை, குறுக்குத் துளை, விளிம்பு மழுக்குதல் எல்லாம் கஸ்டமரிடம். அதிக பிரஷர் ரெயில்களுக்கு ஆட்டோஃப்ரெட்டேஜ் என்று ஒன்று செய்வார்கள். வேலை செய்கிற பிரஷரைவிடப் பல மடங்கு பிரஷரை வேண்டுமென்றே உள்ளே ஏற்றுவது. துளையின் உட்சுவர் லேசாக நிரந்தரமாக விரிந்துவிடும். பிரஷரை இறக்கியதும் வெளிச்சுவர் சுருங்கி உட்சுவரை நெருக்கிப் பிடிக்கும். அந்த நெருக்கம் பிறகு வருகிற இழுவிசையில் ஒரு பங்கைத் தின்றுவிடும். பீரங்கிக் குழல் செய்தவர்களிடமிருந்து வந்த வழி இது. எங்கள் மடிப்பு ஏதாவது அங்கே தப்பிப் போயிருந்தால் அந்த மேடையிலேயே ரெயில் பிளந்து காட்டிக்கொடுத்துவிடும். அப்படி ஒரு போன் வராமல் இருப்பதுதான் எங்கள் மாதாந்திர ரிசல்ட்.

டீசல் கார் குறைந்துவிட்டதே, இனி என்ன செய்வீர்கள் என்று கேட்கிறார்கள். கார் குறைந்தது உண்மை. 2020 ஏப்ரலில் மாருதி டீசலையே நிறுத்திவிட்டது. ஆனால் லாரி, பஸ், ஜேசிபி எல்லாம் ஓடுகின்றன. 50 ஹெச்பிக்கு மேற்பட்ட டிராக்டருக்கு 2023 ஜனவரியில் புது மாசு விதி வந்ததும் அங்கேயும் காமன் ரெயில் நுழைந்துவிட்டது. இன்னொரு பக்கம் பெட்ரோலில் நேரடி இன்ஜெக்ஷன். பிரஷர் 200லிருந்து 350 பார்தான். ஆனால் எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால் அரிப்பு பயம், ஆகவே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இதை அடிப்பது எனக்கு மறுபடி ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த மாதிரி இருக்கிறது. ஓட மறுக்கிறது, டையில் ஒட்டுகிறது, லோடு ஏறுகிறது. மெதுவாக ஆறவிட்டால் குரோமியம் கிரெயின் ஓரத்தில் போய் ஒதுங்கி அரிப்பைத் தாங்கும் குணமே போய்விடும், அதனால் காய்ச்சி வேகமாகத் தண்ணீரில் குளிரவைக்க வேண்டியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக இந்த ரகம் காந்தத்துக்குப் பிடிபடாது. எங்கள் பூத்தும் பச்சைக் கோடும் இதில் செல்லாது. குறைக்குள் ஊறிப்போகிற சாயமான பெனெட்ரன்ட் போட்டு, காத்திருந்து, துடைத்து, டெவலப்பர் தூவிப் பார்க்க வேண்டும். அது மேலே வாய் திறந்திருக்கிற குறையைத்தான் காட்டும், ஸ்கேலால் வாய் மூடிய மடிப்பைக் காட்டாது. அதனால் இதில் மடிப்பே விழாதபடி டையை வெட்டியாக வேண்டும், சோதித்துப் பிடித்துக்கொள்ளலாம் என்கிற வசதி கிடையாது.

இதற்கு ஒரே வழி, டிராயிங் முடிவாகும் முன்பே கஸ்டமரின் டிசைன் ஆட்களை எங்கள் லைனுக்கு அழைப்பது. போன ரெயிலில் அப்படிச் செய்தோம். புடைப்பின் அடிவார ரேடியஸ் 2 மி.மீ. என்று போட்டிருந்தார்கள். ஸ்டெயின்லெஸ் அந்த மூலையில் எப்படித் திணறுகிறது என்று பிரஸ் பக்கத்தில் நிற்கவைத்துக் காட்டினோம். அதை 4 ஆக்கிக் கொடுத்தார்கள். டையின் மூலை விரிசலும் குறைந்தது, மடிப்பும் போனது. இப்போது வந்திருக்கிற புது டிராயிங்கில் அது மறுபடியும் 2 என்றே இருக்கிறது. அறுத்து அமிலத்தில் போட்ட பழைய பீஸ்கள் இரண்டையும் எடுத்து வைத்திருக்கிறேன், ரேடியஸ் 2ல் ஒன்று, 4ல் ஒன்று. திங்கட்கிழமை மீட்டிங்குக்கு அவற்றோடுதான் போகப்போகிறேன்.